தாத்தாவின் மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கொல்லங்கோடு, சித்தூர் பக்கத்து ஓட்டு வீடுகளிலோ, மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் லயங்களிலோ பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தால், பத்திரக் கட்டுக்கு அடியில் பட்டாளத்து மெடல் ஒன்று அகப்படலாம். யாருடையது என்று கேட்டால், "பெரியப்பாவோடதா இருக்கும், பர்மா சண்டைக்குப் போனவர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். சோவியத் மெடல் சேகரிப்பவர்கள் மெடலைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பி, பின்பக்கத்து எண்ணைத்தான் பார்ப்பார்கள். எண் தெரிந்தால் ஆள் தெரியும், ஆள் தெரிந்தால் கதை தெரியும். நம் வீட்டு மெடலையும் அப்படித்தான் அணுக வேண்டும்.

1. முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். புளி, சாம்பல், பற்பசை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். ஆயுதபூஜைக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து மெடலையும் விளக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. மெடலின் விளிம்பில் அச்சிட்ட எழுத்துக்கு ஆழம் மிகக் குறைவு. வருடா வருடம் தேய்த்தால் ராஜா தலை மட்டும் பளபளக்கும், சிப்பாயின் பெயர் போய்விடும். காய்ந்த மெல்லிய பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். வெள்ளி கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும்.

2. விளிம்பைப் படியுங்கள். வட்ட மெடல் என்றால் ஓரத்தில், நட்சத்திர வடிவம் என்றால் பின்பக்கத்தில் பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே அடித்தால் எழுத்து மறையும், சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து தெரியும். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு துண்டையும் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று ஏதாவது ஒரு வரிசையில் சுருக்கெழுத்தில் இருக்கும். 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்றால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதாவது சரக்கும் வண்டியும் பார்த்த பிரிவு. 'எஸ் அண்டு எம்' என்றால் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ், பாலம் போட்டு, கண்ணிவெடி அகற்றியவர்கள்.

இதில் ஒரு சந்தோஷமான சங்கதி உண்டு. இரண்டாம் உலகப்போரின் நட்சத்திர மெடல்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியர், தென்னாப்பிரிக்கர், ஆஸ்திரேலியர் வாங்கியவற்றில்தான் பெயர் உண்டு. லண்டன்காரரின் பேரனுக்கு இல்லாத வசதி சித்தூர்க்காரரின் பேரனுக்கு இருக்கிறது!

3. எந்த மெடல் என்பதை ரிப்பனும் சொல்லும். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போருக்கு உரியது. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலத்தில் இருந்தால் 1939-45 ஸ்டார். வட்ட மெடலில் இந்திய வரைபடம் தெரிந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். இந்தியாவுக்குள்ளேயே 3 ஆண்டு பணி செய்தவர்களுக்கு. சிங்கம் ஒரு டிராகனை மிதித்து நின்றால் வார் மெடல். 1965, 1971 போர்களில் இருந்தவர் என்றால் ரக்‌ஷா மெடல், சங்க்ராம் மெடல், பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் என்று தேடுங்கள். ரிப்பன் நைந்திருந்தாலும் வெட்டி எறியாதீர்கள்.

4. ஊர்ப் பெயரைப் பழைய எல்லைப்படி தேடுங்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். போர்க்காலப் பதிவில் 'இடுக்கி மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த மாவட்டமே 1972 ஜனவரி 26-ல்தான் பிறந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் சமஸ்தானம். பாலக்காடு, கொல்லங்கோடு, ஆலத்தூர் எல்லாம் மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். சித்தூரோ கொச்சி சமஸ்தானம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் பதிவில் இரண்டு அரசாங்கங்களின் கீழ் இருப்பார்கள்.

எஸ்டேட் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். மூணாறில் இருந்தவர் பட்டாளத்தில் சேரும்போது சொந்த ஊரைச் சொல்லியிருப்பார். ஆகவே திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் என்றும் தேடிப் பாருங்கள். பழைய ஆங்கில எழுத்தில் இவை 'டின்னவெல்லி', 'மதுரா', 'ராம்நாட்'. பாலக்காடு 'பால்காட்'. திருவிதாங்கூர் சமஸ்தானப் படையில் இருந்தவர் என்றால், அந்தப் படையின் பிரிவுகள் பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9-ஆவது, 16-ஆவது பட்டாலியன்கள் ஆயின என்பதை நினைவில் வையுங்கள்.

5. பெயர் எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பழனிச்சாமி ஒரே சொல்லாகவும் இருப்பார், இரண்டாகப் பிளந்தும் இருப்பார், கடைசி எழுத்து மாறியும் இருப்பார். பெயரை விட எண்ணை நம்புங்கள்.

6. எங்கே கேட்பது? வீட்டிலேயே தொடங்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம், சிப்பாய் உடையில் எடுத்த போட்டோ, அதன் பின்னால் இருக்கும் ஸ்டூடியோ முத்திரை என்று எல்லாவற்றையும் ஒரே கவரில் சேர்த்து வையுங்கள். அடுத்து, பாலக்காட்டிலோ இடுக்கியிலோ உள்ள மாவட்ட சைனிக் நல அலுவலகம். சாதாரண சிப்பாய்களின் சேவைப் பதிவுக்கு லண்டனுக்கு எழுதிப் பெரிய பயனில்லை. படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. கடிதத்தில் எண், பதவி, பெயர், பிரிவு, உங்கள் உறவுமுறை இருக்கட்டும். மெடல் விளிம்பின் படத்தை இணையுங்கள். மெடலையே தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தாவுக்யான் நினைவிடத்தில் இருக்கின்றன, ஏறக்குறைய 27,000 பெயர்கள். சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களில் இறந்தவர் என்றால், டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்தின் கல்வெட்டுகளைப் பாருங்கள்.

7. சோவியத் மெடல் என்று யாராவது காட்டினால்: முதலில் பின்பக்கம் பாருங்கள். ஊசி வைத்த சின்னத் தகடு, முன்னால் லெனின், ககாரின், 1980 மாஸ்கோ ஒலிம்பிக் கரடிக்குட்டி என்றால் அது நட்புறவுச் சங்கக் கூட்டங்களில் கொடுத்த பேட்ஜாக இருக்கலாம். தோழர்கள் வீட்டு அலமாரியில் சோவியத் புத்தகங்களோடு கிடப்பது. ராணுவ மெடல் அல்ல, ஆனாலும் எறிய வேண்டாம்.

ஸ்டாலின் பக்கவாட்டு முகம் உள்ள பித்தளை வட்டம், ஐங்கோணத் தகட்டில் ஆரஞ்சும் கறுப்பும் கலந்த ரிப்பன் என்றால் ஜெர்மனி மீதான வெற்றி மெடல். ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கொடுத்தது. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. கூடவே சான்றிதழ் இல்லையென்றால் யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. செந்நட்சத்திர ஆர்டர் வேறு ரகம். 1930-ல் தொடங்கியது, வெள்ளியில் செய்து சிவப்பு எனாமல் பூசியது, நடுவில் துப்பாக்கி ஏந்திய வீரன், பின்னால் திருகாணி, ஒரு எண். அந்த எண் வீரரின் விருதுப் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் போர்க்கால விருது ஆணைகளை 'பொத்விக் நரோதா' என்ற தளத்தில் ஏற்றியிருக்கிறது. வீரரின் பெயரை ரஷ்ய எழுத்தில் இட்டுத் தேட வேண்டும்.

இந்த ஆர்டர் நமக்கு அந்நியமும் அல்ல. ஈரான் வழியாகச் சோவியத் படைக்குச் சரக்கு கொண்டுபோன இந்தியர்களில் இருவருக்கு 1944-ல் செந்நட்சத்திரம் கிடைத்தது: தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண் ராவ் நிக்கம், குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங். இருவரும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ். வீட்டில் 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' மெடல் வைத்துக்கொண்டு, "தாத்தா சும்மா லாரி ஓட்டினவர்தான்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

8. பத்திரப்படுத்துவது ஊருக்கு ஊர் வேறு. மூணாறு, பீருமேட்டில் எதிரி ஈரம். மழைக்காலத்தில் ரிப்பனில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நீர் குடித்ததும் மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் கோடையில் வெயிலும் தூசிக்காற்றும். சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் ரிப்பன் வெளுத்துவிடும். எந்த ஊரானாலும் ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மெத்தென்ற பி.வி.சி. உறையில் வைத்தால் வெண்கலத்தில் பச்சைக் களிம்பு ஏறும். பாச்சை உருண்டை ரிப்பனில் படக்கூடாது. பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து, டப்பாவுக்கு வெளியே பெட்டி மூலையில் வையுங்கள்.

9. நகலைக் கண்டு ஏமாறவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். உடையில் குத்திக்கொள்ள ராணுவக் கடைகளில் நகல் வாங்குவது சிப்பாய்களிடையே சகஜம். பெயர் இல்லாத இந்திய மெடல் என்றால் தாத்தா பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை.

10. விலை பேச வருபவரிடம் நிதானம் தேவை. முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி என்பதாலேயே அடகுக் கடையில் எடை போட்டு உருகிப்போனவை ஏராளம். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி குற்றம். ரஷ்யாவிலிருந்து சோவியத் ஆர்டர் வாங்கிவரலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் அங்கே தண்டனைக்குரியது.

11. பாகப்பிரிவினையில் மெடல்களைப் பங்கு போடாதீர்கள். மூத்தவருக்குப் பர்மா ஸ்டார், இளையவருக்கு வார் மெடல், அத்தைக்கு இந்தியா சர்வீஸ் மெடல் என்று பிரித்தால், அடுத்த தலைமுறையில் மூன்றும் மூன்று வெறும் தகடுகள். ஒருவரே வாங்கியது என்பதற்குச் சாட்சியே அவை சேர்ந்திருப்பதுதான். முழுச் செட்டும் காகிதங்களோடு ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். மற்றவர்கள் விளிம்பெழுத்து தெரியும்படி படமெடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள் என்றால், அடுத்த கல்யாண வீட்டில் பேசி ஒன்று சேர்த்துவிடுங்கள்.