கரை கேள், காலம் கேள்

ஆரையம்பதி,
புரட்டாசி.

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய பட்டியலும் கிடைத்தன. டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் வருகிறாய். பன்னிரண்டு இடம் பார்க்க வேண்டும். எது முதல், எது பிறகு என்று மாமா இலக்கம் போட்டுத் தர வேண்டும். பேனையை எடுத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க இருந்தேன், இலக்கம் போட வரவில்லை. இடங்களெல்லாம் சரிதான் புள்ள. ஆனால் ஒன்றுக்கும் பக்கத்தில் கரை எழுதவில்லை, காலம் எழுதவில்லை. அந்த இரண்டும் இல்லாமல் மட்டக்களப்பைப் பார்க்க வந்தால் கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாய்.

முதலில் கரையைச் சொல்கிறேன். புத்தகத்தில் வாவி என்று எழுதுவதை இங்கே ஆறு என்றுதான் சொல்வோம். வடக்கே பாலமீன்மடுவில் ஒரு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றில் இன்னொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்த நீர் எங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழுவது அந்தப் பக்கம். ஆற்றுக்கு மேற்கே, வயலும் குளமும் மாடும் உள்ள பக்கம் படுவான்கரை. சூரியன் படுவது அங்கே. திசைகாட்டி இல்லாத மனிதர் வைத்த பெயர்கள், இன்றும் ஒருவருக்கும் வழி தப்புவதில்லை.

நம்முடைய ஊர் எழுவான்கரையில் இருக்கிறது. கிழவர்கள் வாயில் இன்றும் அது ஆரப்பத்தைதான். ஆரை மண்டிய பற்றை, ஆரைப்பற்றை. அதுவே பிறகு ஆரையம்பதி ஆயிற்று. நீ கடையில் வாங்கும் அரைக்கீரை இல்லை இது. ஈர நிலத்தில் நான்கு இதழாக விரிந்து நிற்கும் நீர்ச்செடி. ஆக, ஊர்ப் பெயரிலேயே நீர் இருக்கிறது.

இனி உன் பட்டியலில் நான்காவதாக உள்ள கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில். அது படுவான்கரையில் இருக்கிறது. இன்று மண்முனைப் பாலத்தால் சில நிமிடத்தில் போய்விடலாம். ஜப்பான் உதவியில் கட்டி 2014இல் திறந்த பாலம் அது. அதற்கு முன்பு அங்கே ‘பாதை’ ஓடியது. பாதை என்றால் நடைபாதை இல்லை. சைக்கிளும் நெல் மூட்டையும் ஆளுமாக ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. போர்க்காலத்தில் அந்தத் துறைதான் எல்லை. இந்தக் கரையில் இராணுவம், அந்தக் கரையில் புலிகள். 2007 வரை அப்படித்தான் இருந்தது. சாமி கும்பிடப் போகிறவர் சோதனையில் இறங்கி நின்று, பையைத் திறந்து காட்டி, பிறகு பாதை ஏறிய காலம் அது. பாலத்தின் நடுவில் காரை நிறுத்தச் சொல். நிறுத்தி ஒருமுறை கீழே தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போ. சந்நிதியில் உனக்கு வேறு மாதிரி இருக்கும்.

அந்தக் கோயிலின் கல் நந்தி போர்த்துக்கேயர் கண் முன்னால் எழுந்து புல் தின்றதாகக் கதை சொல்வார்கள். நடந்ததா என்று கேட்டு மடக்காதே. கரையோரக் கோயில்கள் இடிபட்ட காலத்தில், ஆற்றுக்கு அப்பால் இருந்த ஒரு கோயிலைப் பற்றி மக்கள் எதை நினைக்க விரும்பினார்கள் என்பது அந்தக் கதையில் இருக்கிறது. பழைய பாதையில் ஏற ஆசை என்றால் குருமண்வெளித் துறைக்குக் கூட்டிப்போகிறேன். அங்கிருந்து ஆற்றைக் கடந்து மண்டூர் முருகனிடம் போவது வழக்கம். கதிர்காமத்தைப் போலவே அங்கும் திரைக்குப் பின்னால்தான் பூசை. பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டியிருப்பார். மந்திரச் சத்தம் இல்லாத கோயிலை நீ லண்டனில் பார்த்திருக்க மாட்டாய்.

கோட்டையும் அப்படித்தான், கரையை வைத்துப் படிக்க வேண்டியது. போர்த்துக்கேயர் 1628இல் அதைப் புளியந்தீவில் கட்டினார்கள். பேரைப் பார்: தீவு. சுற்றியுள்ள நீரே பாதி மதில். ஆனாலும் பத்தே வருடம். 1638 மே மாதம் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு அவர்கள் உடன்படிக்கை எழுதிக்கொண்டதும் அதே மாதத்தில், இதே ஊரில்தான். இலங்கைக் கரையோரம் முழுக்கக் கைமாறிய கதைக்கு இங்கே ஒரு தொடக்கம் உண்டு. பின்னாளில் கோட்டைக்குள் கச்சேரி வந்தது. கச்சேரி என்றதும் பாட்டை நினைக்காதே. மாவட்ட அலுவலகம். எங்கள் தலைமுறைக்குக் கோட்டை என்றால் பீரங்கி இல்லை, கையில் பத்திரத்தோடு நின்ற வரிசைதான்.

இனிக் காலம். நீ முதலாவதாக எழுதியிருப்பது பாடும் மீன். ஊரில், ஊரி என்ற நீர்நத்தை பாடுகிறது என்பார்கள். கல்லடிப் பாலத்தருகே, நிலவுள்ள இரவில், தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறு நுனியில் காது வைத்துக் கேட்பது வழக்கம். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி அந்த ஓசையைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தது போல இருந்ததாக எழுதிவைத்தார். மீனா, ஊரியா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அதைக் கேட்க ஆறு அடங்கிக் கிடக்க வேண்டும். நீ வருவது மாரியில். மழைநீர் கலங்கி ஓடும்போது துடுப்பில் காது வைத்தால் தண்ணீர் இரைவதுதான் கேட்கும். ஆனாலும் 1924இல் கட்டிய அந்த இரும்புப் பாலத்தில் நடந்துவிட்டு வரலாம். அப்படியே கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சமாதிக்கும் போவோம். ‘யாழ்நூல்’ எழுதி, அது அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே கண்மூடியவர்.

மாமாங்கம் கோயில் அமிர்தகழியில். எந்த நாளும் போகலாம், ஆனால் அதன் நாள் ஆடி அமாவாசை. அன்று தீர்த்தக் குளத்தைச் சுற்றி நிற்க இடமிராது. டிசம்பரில் நீ காணப்போவது அமைதியாகக் கிடக்கும் குளத்தை.

டிசம்பரில் என்னதான் இருக்கிறது என்று கோபிக்காதே. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரியில் மழைநீர் ஏறி, வயல் மூழ்கும் நிலை வந்தால் அந்த மணலை வெட்டிக் கடலுக்கு வழி விடுவார்கள். ஆறு கடலுக்குள் பாயும், கடலிலிருந்து இறால் குஞ்சும் மீனும் உள்ளே ஏறும். கரையோரச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையில்தான் அவை வளரும். பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு உன் பட்டியலில் இருக்கிறது. படம் எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த கையோடு திரும்பி முகத்துவாரத்தைப் பார். அந்தக் காலத்தில் படுவான்கரை முழுக்கப் பெரும்போகப் பயிர் பச்சையாக நிற்கும். மாசி பங்குனியில் வருகிறவனுக்கு அந்தப் பச்சை கிடைக்காது.

டிசம்பர் 26ஆம் தேதி எங்களோடு கடற்கரைக்கு வா. 2004இல் சுனாமியாகக் கடல் வந்த நாள் அது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்று சாய்ந்தது. அன்றைக்கு மட்டும் படம் வேண்டாம். விளக்கேற்றுகிறவர்கள் பக்கத்தில் நில்லு, போதும்.

கடைசியாக, உன் பட்டியலில் இல்லாதது. நம் பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்கள் ஆண்டில் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். வைகாசியில் சில நாள் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி மூடுவார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கோபத்தை நீர் தெளித்து ஆற்றுகிற சடங்கு அது. ஆண்டின் வெக்கையான காலத்தில் அது நடப்பதைக் கவனி. முன்பு மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கொம்புகளைக் கோத்து இழுக்கும். கோவலன் பக்கம் ஒன்று, கண்ணகி பக்கம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் வேறு அம்மன்களின் பெயருக்கு மாறிவிட்டன. சிங்களவர் அவளைப் பத்தினி தெய்வமாக வணங்குகிறார்கள். எங்கள் கரையில் அவள் கண்ணகியாகவே இருக்கிறாள்.

கோயில்களைக் காப்பது குடிகள். கோயில் நிர்வாகியான வண்ணக்கர் வருவதும், திருவிழா நாள் பங்கிடுவதும் குடி பார்த்துத்தான். குடி எங்களுக்குத் தாய் வழியில் வரும். பக்கத்துக் காத்தான்குடி முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி உண்டு. கணக்கைப் போட்டுப் பார்: உன் குடி உன் அம்மாவின் குடி, அவள் என் உடன்பிறப்பு. ஆகவே நீயும் நானும் ஒரே குடி. என் சொந்தப் பிள்ளைகள் வேறு குடி! திருவிழாவில் நம் குடிக்குரிய நாளில் என் மகனைவிட உனக்குத்தான் உரிமை அதிகம். சுற்றுலாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய், அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டேன்.

டிக்கெட்டை மாற்ற வேண்டாம், டிசம்பரிலேயே வா. முதல் நாள் உன்னைக் கண்ணகி கோயில் வாசலுக்குக் கூட்டிப்போய், பூட்டிய கதவைக் காட்டுகிறேன். பிறகு வைகாசியில் எப்போது லீவு கிடைக்கும் என்று நீயே விசாரிப்பாய்.

அன்புடன்,
மாமா