பொம்மை ஜீப்பின் பிறப்பிடம் அறிவது எப்படி?



வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு குழந்தை விளையாடி ஒதுக்கிய பொம்மை வண்டியும் வரலாற்றுச் சான்றே. இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்பின் வடிவில், உள்ளங்கையளவு உலோகப் பொம்மை ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். பார்த்தவுடன் பெயரோ ஆண்டோ புலப்படவில்லை. "போர் நடந்தபோதே செய்தது" என்கிறார் விற்றவர். அதை அப்படியே நம்பிவிடலாமா? பொம்மையையே விசாரிப்போம்.

1. எதனால் ஆனது?

முதலில் ஒரு காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் அது தகரப் பொம்மை. வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் துத்தநாகக் கலவையாகவோ ஈயமாகவோ இருக்கலாம். ஈயம் நஞ்சு, தொட்டபின் கைகளை நன்கு கழுவிவிட வேண்டும்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மெக்கானோ நிறுவனம் செய்த 'டிங்கி டாய்ஸ்' வண்டிகள் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தவை. போருக்கு முந்திய வார்ப்புகள் சில, கலவையில் ஈயம் கலந்துவிட்டதால், நாளடைவில் தாமே வெடித்துப் பொடிந்துவிடுகின்றன. அத்தகைய விரிசலும் காலத்தை உணர்த்தும் ஒரு குறிப்பே.

2. எப்படி இணைத்தார்கள்?

தகரப் பொம்மையின் அடிப்புறத்தைக் கவனியுங்கள். தகட்டின் ஓரத்திலுள்ள சிறு நாக்குகளைத் துளைகளில் நுழைத்து மடக்கியிருப்பார்கள். வார்ப்புப் பொம்மையில் இம்மடிப்புகள் உடலில் இரா. சக்கரத்தையும் பாருங்கள். டிங்கி வண்டிகளில் போருக்கு முந்தியவற்றின் சக்கர நடுப்பகுதி சமமாயிருக்கும். பிந்தியவற்றில் வட்டமான மேடு ஒன்று உண்டு. ஆனால் சக்கரம் பின்னர் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

3. எப்போது செய்திருக்க இயலும்?

இங்கேதான் நம் அறிவுக்கு வேலை. உண்மையான ஜீப் அமெரிக்காவில் 1941-ஆம் ஆண்டில்தான் பெருவாரியாக உற்பத்தியாகத் தொடங்கியது. ஆகவே பொம்மை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1942-இல் உலோகப் பொம்மை செய்வது தடுக்கப்பட்டது. உலோகம் போருக்குத் தேவைப்பட்டது. ஜப்பானில் இக்கட்டுப்பாடு 1938-லேயே வந்துவிட்டது. குழந்தைகளுக்கு மரமும் அட்டையுமே எஞ்சின. எனவே நம் உலோக ஜீப் பெரும்பாலும் போர் முடிந்த பின் பிறந்ததே. விற்றவர் சொல் இங்கே தளர்ந்துவிடுகிறது!

4. முத்திரை உண்டா?

அடித்தகட்டைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். 'ஆக்குப்பைடு ஜப்பான்' (அந்நியர் ஆட்சியில் இருந்த ஜப்பான்) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது ஜப்பானிய ஏற்றுமதி மீண்டும் தொடங்கிய 1947-க்கும் ஆக்கிரமிப்பு முடிந்த 1952-க்கும் இடைப்பட்டது. 'ஜப்பான்' என்று மட்டும் பொறித்த பொருள்களும் அந்நாளில் உண்டு. ஆதலால் முத்திரை இருப்பது சான்று. இல்லாமை மட்டும் சான்றாகாது.

இனிப் பொம்மையின் உட்புறத்தை நோக்குங்கள். சிலவற்றில் பழைய உணவு டப்பாவின் அச்செழுத்துகள் தெரிவதுண்டு. அதன் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. 1945-இல் தோல்வியுற்ற ஜப்பானில் உணவுக்கே பஞ்சம். கியோட்டோவை அடுத்த ஓட்சு நகரில் கொசுகே மாட்சுசோ என்ற பொம்மைத் தொழிலாளர், அமெரிக்கப் படையினர் எறிந்த காலி டப்பாக்களைத் தட்டி நிமிர்த்தி, தெருவில் தாம் கண்ட ஜீப்பைப் பொம்மையாக்கினார். அவ்வாண்டு டிசம்பரில் கியோட்டோவின் பெரிய கடை ஒன்றில் அது 10 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். போரால் நின்றுபோன பொம்மைத் தொழில் அந்தக் குப்பைத் தகரத்திலிருந்து மீண்டும் எழுந்தது.

அந்த எழுத்துகளை அழுக்கென்று தேய்த்துவிட்டால் இக்கதையும் அழிந்துபோகும். ஆகவே பழம்பொருளுக்குப் புதுச்சாயம் பூசாதீர்கள், மெருகேற்றாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

பயிற்சி: வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் 'கண்டது', 'அதனால் அறிவது', 'இன்னும் ஐயமானது' என மூன்று பத்திகள் வரையுங்கள். மூன்றாவது பத்தியை வெட்கமின்றி நிரப்புங்கள். ஐயத்தை ஐயமென்றே எழுதுபவளே நல்ல ஆராய்ச்சியாளர்.