கட்டி தாங்கிய கற்சிலுவை



பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கோடியில், கடல் சூழ்ந்த பிரெத்தாஞ் என்னும் நாடு உள்ளது. அங்கே பாதை பிரியும் இடங்களிலும் கிராம ஓரங்களிலும் பழைய கற்சிலுவைகள் நிற்கின்றன. வழிப்போக்கனுக்கு வழி தெரியவும், அவன் நின்று ஒரு ஜெபம் சொல்லவும் முன்னோர் அவற்றை நாட்டினர்.

அவற்றுள் சிலவற்றின் தண்டு வழவழப்பாயிராது. உருண்டை உருண்டையான புடைப்புகள் அதில் செதுக்கப்பட்டிருக்கும். அந்நாட்டார் இவற்றைக் கொள்ளைநோய்ச் சிலுவை என்பர். பிளேக் கண்டவரின் உடலில் எழும் நெறிக்கட்டிகளையே அப்புடைப்புகள் குறிக்கின்றன என்பது அவர்கள் வழிவழியாய்ச் சொல்லி வருவது.

பிளுகாஸ்டெல் என்னும் ஊரின் கோயிலருகே இத்தகைய தண்டுடைய பெரிய கல்வாரி ஒன்று உண்டு. 1598-ம் ஆண்டில் அங்கே கொள்ளைநோய் பரவிற்று. நோய் நீங்கியபின், 1602 முதல் 1604 வரை ஊரார் இதைக் கட்டினர். நமது ஆண்டவரின் வாழ்வையும் திருப்பாடுகளையும் காட்டும் 180-க்கு மேற்பட்ட கல் உருவங்கள் இதில் உள்ளன. எழுத்தறியாதவர்களுக்கு இதுவே ஞானோபதேசப் புத்தகமாயிருந்தது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்நாட்டில் பல சிலுவைகள் உடைபட்டன. ஜனங்கள் பிற்பாடு அநேகத்தைத் திரும்ப நிறுத்தினர். 1944 ஆகஸ்டில் அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகளால் பிளுகாஸ்டெல் கல்வாரியும் சேதமடைந்தது. அதைச் செப்பனிட நன்கொடை சேர்க்க முன்வந்தவர்களில் ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரியும் ஒருவர். உடைத்த கை எந்த நாட்டுக் கையோ, அந்த நாட்டவர் ஒருவரே சீர்ப்படுத்தவும் உதவினார்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? நோய் கண்டவனை ஊரே அஞ்சி விலகிய காலம் அது. அவன் உடலின் கட்டியை யாரும் பார்க்கவும் கூசினர். அந்தக் கட்டியையே அந்த எளிய ஜனங்கள் ஆண்டவரின் சிலுவையில் செதுக்கி வைத்தார்கள். நம் நோவுகளைச் சுமந்தவர் அவரே என்று இசையாஸ் தீர்க்கதரிசி முன்னறிவித்ததை அவர்கள் கல்லில் விசுவாசித்தார்கள்.

நம் வீடுகளிலும் மூடி மறைக்கும் கட்டிகள் உண்டு: தீராக் கடன், சொல்ல வெட்கப்படும் வியாதி, பேச்சற்றுப்போன சகோதரர். பாடுபட்ட சுரூபம் சுவரில் தொங்குகிறது. நாமோ அதன்கீழ் எல்லாம் நலமென்று நடிக்கிறோம்.

இவ்வாரம் செய்யவேண்டியது: இரவு ஜெபமாலை முடிந்ததும் குடும்பத்தார் அனைவரும் சுரூபத்தின்முன் சற்று மௌனமாயிருங்கள். ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள ஒரு பாரத்தைப் பெயர் சொல்லி அவர் பாதத்தில் வையுங்கள். பிறகு, நோயாளியென்று நாம் எட்டிப் பாராத ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள்.