குளவிக் கூட்டில் பிறக்கும் ஈ

சின்ன காஞ்சிபுரத்துத் தறி வீடுகளின் சுவரிலும் உத்தரத்திலும் குளவி மண்கூடு கட்டுவதை அங்கத்தினர்கள் யாவரும் கண்டிருப்பர். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகுமென்பது முன்னோர் கொள்கை. உண்மையில், கொட்டி மயக்கிக் கொணர்ந்த புழுவும் சிலந்தியும் குளவிக் குஞ்சின் ஆகாரமேயாம்.

சில கூடுகளில் குளவிக்குப் பதிலாக ஓர் ஈ வெளிப்படும். இதற்கு ஆந்த்ராக்ஸ் என்று பெயர். (மாட்டு நோய்க்கும் இப்பெயருண்டு, சம்பந்தமில்லை.) ஈயின் புழு கூட்டினுட் புகுந்து, குளவிக் குஞ்சு கொழுத்தபின் அதனை உறிஞ்சி வற்றச் செய்கிறது. பிரெஞ்சு தேசத்து ஃபாப்ர், மண்கூடு கட்டும் தேனீயிடத்து இதைக் கண்டு 1886-ல் எழுதினார்.

குளவிக்கு மண்ணைக் கடிக்கத் தாடையுண்டு. ஈக்கோ மெல்லிய உறிஞ்சு குழலே. எனவே சுவரைத் துளைக்கும் வேலை கூட்டுப்புழுவினுடையது. அதன் தலையில் கறுத்த வன்முட்கள், முதுகில் கொக்கி வரிசைகள், வாலிலும் முட்கள். கொக்கியால் ஊன்றிக்கொண்டு தலையால் மோதி மோதி மண்ணைத் துளைக்கும். பாதியுடல் வெளிவந்ததும் தோல் வெடித்து ஈ பறந்துவிடும். துவாரத்தில் வெறுந்தோல் செருகி நின்றால், வந்தது ஈயென்றறிக.

பயிர்ப்புழுவை வேட்டையாடும் குளவி குடியானவனுக்குத் துணை. அதன் கூட்டில் இவ்வீ நஷ்டமே. சிலந்தி பிடிக்கும் குளவியானால் நமக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை.

பட்டுப்புழுவைக் கெடுக்கும் ஊஜி ஈ வேறு. அது நமக்குப் பட்டு நூல் வரும் கர்நாடகத்தில் 1980-ல் தோன்றியது. அங்கே கணக்குத் தலைகீழ்: நெசோலிங்ஸ் தைமஸ் என்னும் சிறு குளவி ஊஜியின் கூட்டுப்புழுவில் முட்டையிட்டு அதை அழிக்கிறது, பட்டு வளர்ப்போர் அக்குளவியை வாங்கி மனைகளில் விடுகின்றனர்.