மார்கழியை ஓஸ்லோவுக்குக் கொண்டுபோகாதே

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கைகால் ஓடுவதில்லை, எட்டு மணிக்கே தூக்கம் கண்ணைக் கட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். அதைச் சோம்பல் என்று நீயே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, மார்கழி பிறந்ததும் விடிகாலை நாலரைக்கு எழுவது, உடற்பயிற்சிக்கூடம் போவது, நார்வே மொழித் தேர்வுக்குப் படிப்பது, வாரக்கடைசியில் இன்னொரு படிப்பு என்று ஒரு பெரிய பட்டியலும் போட்டிருக்கிறாய். அந்தப் பட்டியலை மார்ச் கடைசிவரை எடுத்து வைத்துவிடு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. காரணங்களையும் வரிசையாக எழுதுகிறேன். படித்த பெண் நீ, சரியா தவறா என்று நீயே எடை போட்டுப் பார்.

முதலில் வெளிச்சக் கணக்கைப் பார்ப்போம். டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் பகல் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம். ஜூனில் அது 13 மணி நேரத்தை நெருங்கும். ஆண்டு முழுவதும் நமக்கு ஏற்ற இறக்கம் ஒன்றரை மணி நேரம்தான். ஓஸ்லோவில் அதே டிசம்பர் நாளில் சூரியன் காலை 9.20-ஐ ஒட்டி எழுந்து பிற்பகல் 3.10-ஐ ஒட்டி மறைகிறது. பகல் முழுதும் சேர்த்து ஆறு மணி நேரம்கூட இல்லை. நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏழு பாகைக்குள்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் வெளியே போய் நின்றால் உன் நிழல் உன் உயரத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும். ஆனால் ஜூன் வந்ததும் அதே ஊரில் பகல் 18 மணி 50 நிமிடம். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஓஸ்லோவுக்குக் கிடைக்கும் பகல் சென்னைக்குக் கிடைப்பதைவிடக் குறைவில்லை. நமக்கு மாதாமாதம் சம்பளம் போல ஒரே அளவாக வருவது, அங்கே அறுவடைப் பணம் போல ஒரு பருவத்தில் குவிந்து, இன்னொரு பருவத்தில் வறண்டுவிடுகிறது. அப்படிப்பட்ட ஊரில் மாதாமாதம் ஒரே அளவு உழைப்பைத் தன்னிடம் எதிர்பார்ப்பவள் டிசம்பரில் கடனாளியாகத்தான் ஆவாள்.

நம் ஊரில் மார்கழியில் நாலரைக்கு எழுந்து கோலம் போட்டார்களே, கோயிலுக்குப் போனார்களே, அவர்களுக்கு மட்டும் களைப்பு இல்லையா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். மார்கழி நமக்குச் சுறுசுறுப்பான மாதம். வெயில் தணிந்து உடம்புக்கு இதமாக இருக்கும் காலம் அது. வயலில் சம்பா முற்றிக்கொண்டிருக்கும், தையில் அறுப்பு. சென்னையில் கச்சேரிப் பருவமும் அப்போதுதான். நாம் ஓயும் பருவம் வேறு. அறுப்பெல்லாம் முடிந்து, நிலம் காய்ந்து, அக்னி நட்சத்திரம் கொளுத்தும் சித்திரை வைகாசிதான் நம் ஓய்வுக் காலம். நண்பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுப்பதை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும் விடிய விடியக் கூத்து நடப்பதும் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும்தான், ஏனென்றால் அப்போதுதான் வயலில் வேலை இல்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வைத்தது; மனிதர் செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். நம் முன்னோர் மார்கழியில் விழித்ததும் சித்திரையில் ஓய்ந்ததும் ஒரே அறிவின் இரண்டு பக்கங்கள். அந்த அறிவை ஓஸ்லோவுக்கு எடுத்துப் போ. மார்கழியை இங்கேயே விட்டுவிடு.

இனி உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை நம் உள்கடிகாரத்தை ஓட்டுகிறது. இருட்டத் தொடங்கியதும் மெலட்டோனின் என்ற சுரப்பு கூடுகிறது, இரவு இது என்று உடம்பு முழுவதற்கும் அது சொல்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பருவம் மாறினால் தூக்கமும் மாறுகிறது என்பதற்கும் சான்று உண்டு. மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று குடிகளின் தூக்கத்தை அளந்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் நமீபியாவின் சான் மக்களும் பொலிவியாவின் சிமானே மக்களும் கோடையைவிடக் குளிர்காலத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். வெளிச்சத்தைவிட வெப்பநிலையை ஒட்டியே அவர்கள் தூக்கம் மாறியது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. சிமானே மக்கள் வாழும் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய சென்னை இருக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. பருவ வேறுபாடு குறைவான அங்கேயே ஒரு மணி நேர வித்தியாசம் என்றால், அறுபதாவது பாகையில் இருக்கும் உன் ஊரில் உடம்புக்கு ஒன்றும் தோன்றக் கூடாது என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

அவர்கள் காட்டிலும் மேட்டிலும் வாழ்பவர்கள், எனக்குத்தான் வீட்டில் விளக்கும் வெப்பமூட்டியும் இருக்கிறதே என்று நீ சொல்வாய். அதற்கு பெர்லினிலிருந்து பதில் வந்திருக்கிறது. தூக்கக் கோளாறுக்காக அங்குள்ள மருத்துவமனைக்கு வந்த 188 பேரின் தூக்கத்தை ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோரும் மின்விளக்கின் கீழே வாழும் நகரவாசிகள். ஆனாலும் கனவு நிறைந்த தூக்கம் கோடையைவிடக் குளிர்காலத்தில் அரை மணி நேரம் கூடியிருந்தது. மொத்தத் தூக்கமும் ஒரு மணி நேரம் அளவுக்குக் கூடித் தெரிந்தது. ஆனால் புள்ளியியல்படி அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் நோயாளிகள் என்பதையும் மறக்கக் கூடாது. இந்த எச்சரிக்கைகளை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் ஒன்று தெளிவு: விளக்கைப் போட்டுவிட்டால் குளிர்காலம் போய்விடாது. அலுவலக விளக்கு புத்தகம் படிக்கப் போதும். உடம்புக்கு அது பகல் ஆகாது. மேகம் மூடிய நாளிலும் நடுப்பகலில் வெளியே இருக்கும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு.

நார்வேக்காரர்கள் ஓய்ந்தா கிடக்கிறார்கள், பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறார்களே என்பது உன் அடுத்த வாதமாக இருக்கும். அவர்கள் எப்போது ஓடுகிறார்கள் என்று கவனி. ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் போவார்கள், இருட்டுவதற்குள் வீடு திரும்பிச் சூடாக ஏதாவது குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தை அவர்கள் வீணாக்குவதில்லை, இருட்டோடு மல்லுக்கட்டுவதும் இல்லை. ஓஸ்லோவில் பள்ளிகளுக்குப் பிப்ரவரியில் ஒரு வாரம் குளிர்கால விடுமுறை விடுவதைப் பார்த்திருப்பாய். ஐஸ்லாந்தில் பழைய நாளில் குளிர்கால மாலைகளில் வீட்டார் எல்லோரும் ஒரே அறையில் கூடிக் கம்பளி நூற்பார்கள், பின்னுவார்கள்; ஒருவர் பழங்கதைகளை உரக்கப் படிப்பார். வேலை நிற்கவில்லை, வேகமும் தூரமும்தான் குறைந்தன. லோஃபோட்டன் தீவுகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் காட் மீன் பிடிக்கும் கடும் பருவம் என்று நீ எதிர்க் கேள்வி போடலாம். உண்மை. முட்டையிட மீன் அப்போதுதான் அங்கே வருகிறது, அதனால் மனிதர் போயாக வேண்டியிருந்தது. அதுவும் பருவத்துக்குக் கட்டுப்பட்ட வேலைதான். உன் மொழித் தேர்வும் வாரக்கடைசிப் படிப்பும் டிசம்பரில் மட்டும் வந்துபோகும் மீன்கள் இல்லையே. எண்பதுகளில் நார்வேக்குப் போய் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் சூரியனே எழாத வாரங்களில் நின்று உழைத்த ஈழத் தமிழர்களின் மன உறுதியை நான் வணங்குகிறேன். அவர்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. வழி இருக்கும்போதும் அந்தப் பாடுபட வேண்டும் என்பது அவர்கள் பட்ட பாட்டிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் இல்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒரு தரம் தளர்ந்து படுத்தால் பிறகு எழவே முடியாமல் போய்விடுமோ, ஓய்வு என்ற பெயரில் மனச்சோர்வுக்குள் விழுந்துவிடுவேனோ என்ற பயம் அது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்கால மனச்சோர்வு ஒரு நோய்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குப் போய், குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பே குன்றுவதைக் கண்ட நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1984-இல் அதை விவரித்து எழுதினார்கள். வெயில் நாட்டிலிருந்து வடக்கே போன இன்னொருவருக்கும் நேர்ந்ததுதான் உனக்கும் நேர்ந்திருக்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓய்வையும் நோயையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓய்ந்த மனத்துக்குச் சாப்பாடு ருசிக்கும், தோழி பேசினால் சிரிப்பு வரும், காலையில் தெளிவு இருக்கும். நோயில் எவ்வளவு தூங்கினாலும் களைப்புப் போகாது, பிடித்ததும் பிடிக்காது, மனிதர்களைக் கண்டாலே ஒதுங்கத் தோன்றும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் என் கடிதத்தை மூடி வைத்துவிட்டு உன் குடும்ப மருத்துவரிடம் போ. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன்னால் உட்காரச் சொல்வது அதற்கு நெடுநாளாக இருக்கும் சிகிச்சை. கண்ணில் கோளாறு இருந்தால் அவரைக் கேட்காமல் தொடங்காதே. இடம் கொடுத்தால் தூக்கம் கரைகாணாமல் போகும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாமஸ் வேர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிலரை நான்கு வாரம் தினமும் 14 மணி நேர இருட்டில் இருக்க வைத்துப் பார்த்தார். முதல் நாட்களில் பழைய பாக்கியைத் தீர்ப்பவர்கள் போல நீண்ட நேரம் தூங்கினார்கள். பிறகு தூக்கம் தானாகவே எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் உடம்பு கேட்கவில்லை.

கடைசியாக, மற்றவர்கள் முந்திவிடுவார்களே, கல்விக் கடன் இருக்கிறதே என்ற கவலை. வேலையைக் குறை என்று நான் சொல்லவே இல்லை. வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்ற ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்று. வீட்டுக்கு அனுப்பும் பணமும் கடன் தவணையும் அதிலிருந்து வருவதுதான். நீயாக உன் தலையில் ஏற்றிக்கொண்ட சுமையை மட்டும் இறக்கி வை என்கிறேன். செவிலியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் நள்ளிரவிலும் வேலை உண்டு, அவர்களிடம் போய் ஓய்வைப் போதிப்பது கொடுமை. ஆனால் அவர்களுக்கு வாய்க்காததை நீ மறுப்பதால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைத்துவிடாது. முந்துவது பற்றியும் சொல்கிறேன். தூக்கம் குறைந்தால் படித்தது மனத்தில் தங்காது. டிசம்பரில் கொட்டாவி விட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் படிப்பது, ஏப்ரலில் தெளிந்த தலையோடு ஒரு மணி நேரம் படிப்பதற்கு ஈடாகாது.

அதனால் உன்னிடம் நான் கேட்பவை சிலவே. அலுவலக நேரம் மாறாது, ஆகவே காலையில் தாமதமாக எழுவதற்குப் பதில் இரவில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படு. சாப்பிட்டபின் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் வைத்துக்கொள், கைப்பேசியை அடுத்த அறையில் போடு. பதினொன்றரையிலிருந்து ஒரு மணிக்குள் அரை மணி நேரமாவது வெளியே நட. மேசையில் உட்கார்ந்தபடி சாப்பிட்டு அந்த நேரத்தைத் தொலைத்துவிடாதே, உனக்குக் கிடைக்கும் அன்றைய பகல் மொத்தமும் அதுதான். அந்தத் தாழ்ந்த வெயிலில் நம் நிறத்து உடம்புக்கு வைட்டமின் டி கிடைக்காது, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள். வாரத்தில் ஒரு மாலை யாருடனாவது சேர்ந்து சாப்பிடு, ஒரு ரசம் சாதம் போதும். மொழித் தேர்வை நாள் நீண்ட பிறகு வரும் தேதிக்கு மாற்று. இந்த மாதங்களில் பக்கத்து வீட்டு அம்மாவோடு நார்வே மொழியில் பத்து நிமிடம் பேசினால் அதுவே பாடம். உடற்பயிற்சிக்கூடத்தில் பணம் கட்டியிருந்தால் சனிக்கிழமை பகலில் போ.

மார்ச் கடைசியில் உன் ஊரில் பகல் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். அப்போது அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தொடங்கு. ஜூனில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும்போது நீ எவ்வளவு உழைத்தாலும் போதும் என்று நான் தடுக்க மாட்டேன். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்து, நான் சொன்ன கணக்கு தவறாக இருந்தால் எழுது, ஒப்புக்கொள்கிறேன். இப்போதைக்கு இந்த இருட்டு மாதங்களில் உன்னை நீயே திட்டிக்கொள்ளாமல் தூங்கு.

அன்புடன்,
உன் பெரியம்மா