ஐந்தெழுத்து, ஆறு வாய்ப்பு: வேர்டில் ஆட அக்காவின் டிப்ஸ்

காபி ஆறுவதற்குள் வேர்டிலை முடித்துவிட்டு, பச்சைக் கட்டங்களை ஃபேமிலி குரூப்பில் போடுகிற ஆளா நீங்க? இல்லை, ஆறாவது வரியிலும் கோட்டைவிட்டு, 'எனக்கு இங்கிலீஷே வராது' என்று போனைக் கவிழ்த்து வைக்கிற ஆளா? இரண்டாவது ஆளாக இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்க, அக்கா சொல்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர், சொல் விளையாட்டுப் பிரியையான தன் துணைவி பாலக் ஷாவுக்காக உருவாக்கிய ஆட்டம் இது. 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்தது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இதை வாங்கிவிட்டது. தினம் ஓர் ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு. எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை. எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லை என்றால் சாம்பல்.

ஆரம்பத்தில் விடைப் பட்டியலில் இருந்தவை சுமார் 2,300 சொற்கள்தான். பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படித்தவையே. அதனால் டிக்‌ஷனரியை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த எழுத்து எங்கே உட்காரும் என்று தெரிந்தால் போதும்.

1. முதல் இரண்டு சொற்களை முன்கூட்டியே முடிவு பண்ணுங்க
என் சிபாரிசு: முதலில் 'ஸ்லேட்', அடுத்து 'ஐரனி'. இரண்டிலும் சேர்த்துப் பத்து எழுத்துகள். ஒன்றுகூடத் திரும்ப வராது. ஏ, இ, ஐ, ஓ நான்கும், உயிரெழுத்து வேலை பார்க்கிற ஒய்யும் இதில் அடக்கம். அடிக்கடி வருகிற எஸ், எல், டி, ஆர், என் ஆகியவையும் வந்துவிடும். 'ஸ்லேட்'டிலேயே மூன்று எழுத்துகள் சிக்கிவிட்டால், 'ஐரனி'யை விட்டுவிட்டு நேராக விடையைத் தேடலாம்.

2. கடைசி எழுத்தைக் கவனிங்க
விடையாக வரும் சொற்களில் அதிகம் கடைசியில் வருவது இ. 'ஸ்டோன்', 'கிரைம்' மாதிரி உச்சரிப்பில் கேட்காமலே உட்கார்ந்திருக்கும். அடுத்து ஒய். சி-கே என்ற ஜோடியும் முக்கியம். பிளாக், செக், பிரிக், கிளாக், டிரக் என்று ஐந்து உயிரெழுத்துகளோடும் அது சேரும். எஸ் போட்டு முடிகிற சாதாரணப் பன்மைச் சொல் விடையாக வருவது மிக அரிது.

3. முதலில் இரண்டு மெய் வரலாம்
'கிளாஸ்', 'பிரெட்' என்று நாம் சொல்லும்போது முதல் எழுத்தோடு ஓர் இகரம் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஸ்பெல்லிங்கில் அது கிடையாது. சி-எல், பி-ஆர் என்று மெய்கள் நேராக அடுத்தடுத்து நிற்கும். எஸ்-டி, எஸ்-எச், சி-ஆர், டி-ஆர் போன்ற ஜோடிகளையும் முதல் இரண்டு கட்டங்களில் வைத்துப் பாருங்க.

4. காதை மட்டும் நம்பாதீங்க
'நைஃப்' தொடங்குவது கே-யில். 'ரைட்' என்றால் எழுது என்ற சொல், டபிள்யூவில். 'தம்' முடிவது பி-யில். மூன்றுமே ஐந்தெழுத்துச் சொற்கள். உச்சரித்தபடியே எழுதிப் பழகிய நமக்கு இந்த ஊமை எழுத்துகள்தான் அதிகம் தண்ணி காட்டும்.

5. 'ஐட்' பொறியில் மாட்டாதீங்க
கடைசி நாலு கட்டமும் பச்சை: ஐ-ஜி-எச்-டி. ஜெயித்த மாதிரிதான் தோன்றும். ஆனால் லைட், நைட், ரைட், ஃபைட், மைட், சைட், டைட், எய்ட் என எட்டுச் சொற்கள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பதில் ஒரு வரியைத் தியாகம் செய்து, 'ஃபிலிம்ஸ்' என்று போடுங்க. எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே வரியில் சோதித்துவிடலாம். 'பேட்ச், கேட்ச், மேட்ச், வாட்ச்' குடும்பத்துக்கும் இதே வைத்தியம். 'ஹார்ட் மோட்' வைத்திருந்தால் மட்டும் இந்த உபாயம் செல்லாது. கிடைத்த துப்பை அடுத்த வரியில் பயன்படுத்தியே ஆக வேண்டும்.

6. ஒரே எழுத்து இரண்டு தடவை வரலாம்
'பப்பி', 'ஃப்ளோர்' எல்லாம் விடையாகலாம். நிறத்தைப் படிக்கும் முறைதான் முக்கியம். விடை 'அபைட்' என்று வைத்துக்கொள்ளுங்க; நீங்க 'ஸ்பீட்' போட்டால் முதல் இ மஞ்சளாகும், இரண்டாவது இ சாம்பலாகும். இ-யே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே ஒரு இ-தான் உண்டு என்று அர்த்தம்.

7. ஸ்பெல்லிங் அமெரிக்காவுடையது
நம் பாடப்புத்தகத்தில் 'ஃபேவர்', 'ஹ்யூமர்' இரண்டிலும் கடைசி ஆருக்கு முன்னால் ஒரு யு உண்டு, எழுத்து ஆறாகிவிடும். அமெரிக்காவில் அந்த யு கிடையாது, எழுத்து ஐந்துதான். 2022 தொடக்கத்தில் இந்த இரண்டும் விடையாக வந்தபோது பிரிட்டன்காரர்களே குமுறினார்கள். லேபர், ஹானர் கதையும் இதுதான்.

8. ஒரு நோட்டுப் போடுங்க
சொற்களை அகர வரிசையில் எழுதாதீங்க. முடிவை வைத்து எழுதுங்க. ஓ-யு-என்-டி என்று தலைப்பிட்டு, அதன் கீழே சவுண்ட், ரவுண்ட், பவுண்ட், ஃபவுண்ட். புதுச் சொல் வரும்போது அதற்குரிய தலைப்பில் சேர்த்து, அர்த்தத்தையும் பக்கத்தில் குறிங்க. ஸ்பெல்லிங் டெஸ்டுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இந்த நோட்டு அப்படியே உதவும்.

கடைசியாக ஒரு வார்த்தை: விடையை நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு ஆடாதீங்க. ஒரு நாள் தோற்றால் ஒன்றும் குறைந்துவிடாது. தோற்ற அன்றைய சொல்லை நோட்டில் ஏற்றிவிட்டால், அடுத்த முறை அதே முடிவுள்ள சொல் வரும்போது அது நிச்சயம் கைகொடுக்கும்.