மார்பகச் சீரமைப்பு: ரோபோவா, திறந்த அறுவையா?

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த சகோதரிகளுக்கு, முதுகுத் தசையையோ அடிவயிற்றுக் கொழுப்பையோ எடுத்து மார்பகத்தை மீண்டும் அமைத்துத் தரும் அறுவை சிகிச்சை உண்டு.

முதுகுத் தசையைத் திறந்த முறையில் எடுத்தால் முதுகில் நீண்ட தழும்பு விழும். தசை மட்டும் போதுமென்றால், ரோபோ முறையில் தழும்பு சிறிது. செலவும் நேரமும் அதிகம். ரோபோ தானாக அறுப்பதில்லை, இயக்குபவர் மருத்துவரே.

சீரமைப்பது வேறு, நோயை அகற்றுவது வேறு என்பதை நாம் மறக்கக் கூடாது. மார்பகத்தை அகற்ற ரோபோவைப் பயன்படுத்துவதன் பாதுகாப்பும் பலனும் உறுதியாகவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரித்தது.

ஆகவே, ரோபோ என்ற பெயருக்காக நகையை விற்றுவிட வேண்டாம். "இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எனக்கு எது பொருந்தும்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்போம். திறந்த முறை தரம் குறைந்த சிகிச்சை அல்ல.